மெஷின் வந்தது, டீச்சர் வரவில்லை

வணக்கம்.

மலையகத்துக்கான நிதி ஒதுக்கீடுகளைப் பற்றி நீங்கள் எழுதுவதை இங்கே சிலர் சேர்ந்து வாசிக்கிறோம். எங்கள் தோட்டம் மஸ்கெலியாப் பக்கம். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு திட்டத்தில் பன்னிரண்டு ஜூக்கி மெஷின்கள் தந்து, வாசிகசாலைக் கட்டடத்தில் ஆறு மாதத் தையல் வகுப்பு நடத்தினார்கள். கடைசியில் எல்லாருக்கும் சான்றிதழ் கிடைத்தது. அதைக் கொண்டுபோன பிள்ளைகளை கார்மன்டிலும் ஏஜென்சியிலும் “என்.வி.கியூ (தேசிய தொழிற் தகைமை) இல்லையா?” என்று கேட்டுத் திருப்பிவிட்டார்கள். திட்டம் முடிந்ததும் டீச்சரும் போய்விட்டார். மெஷின்கள் பொலித்தீன் போர்த்திக் கிடக்கின்றன. 2025 வரவு செலவுத் திட்டத்தில் மலையக மக்களின் தொழிற்பயிற்சிக்கு 2,450 மில்லியன் ரூபா என்றார்களே, அதில் எங்களுக்கு ஏதும் உண்டா? புதிய பயிற்சி நிலையம் கேட்டு மகஜர் கொடுக்கப்போகிறோம். அதில் என்ன எழுதவேண்டும்? மெஷின்களை விற்றுக் கணினி வாங்கலாம் என்று கோயில் கமிட்டியில் சிலர் சொல்கிறார்கள். செய்யலாமா?

மஸ்கெலியாவிலிருந்து ஒரு வாசகர்

அன்பின் நண்பருக்கு,

அந்த 2,450 மில்லியனை அறிவித்த வரியை முழுதாக வாசிக்கவேண்டும். தொழிற்பயிற்சி, வாழ்வாதார மேம்பாடு, உட்கட்டமைப்பு அபிவிருத்தி என்று மூன்றுக்கும் சேர்த்துச் சொன்ன தொகை அது. வீடமைப்புக்கும் ஸ்மார்ட் வகுப்பறைகளுக்கும் வேறு தொகைகள் இருந்தன. ஒரே பையில் மூன்று வேலையைப் போட்டால் எது முந்தும் என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். கொங்கிரீட் பாதைக்கு மதிப்பீடு போட்டு, விலைமனு கோரி, மூன்று மாதத்தில் பில்லை முடித்துவிடலாம். ஒரு பயிற்சி நெறியைத் தொடங்கிச் சான்றிதழ் வரை கொண்டுபோக ஒரு வருடத்துக்கு மேல் ஆகும்.

அந்த ஒரு வருடம்தான் கிடைப்பதில்லை. ஒதுக்கீட்டுச் சட்டம் தரும் பணம் அந்த நிதியாண்டுக்கு மட்டுமே. டிசம்பர் 31 தாண்டினால் செலவாகாத தொகை காலாவதியாகும். 2024இல் செப்டெம்பரில் ஒரு தேர்தல், நவம்பரில் இன்னொரு தேர்தல் நடந்ததால் 2025இன் முதல் நான்கு மாதங்கள், முழு வரவு செலவுத் திட்டம் இல்லாமல், இடைக்காலக் கணக்கறிக்கையில் ஓடின. வரவு செலவுத் திட்டம் நிறைவேறியது மார்ச் 21இல். அதன்பிறகு நிதியமைச்சரின் ஆணைப் பத்திரம், திறைசேரியின் கட்டுநிதி (செலவுக்கு முன்கூட்டி விடும் பணம்), அமைச்சின் செயற்றிட்டம், மாவட்டச் செயலகம் என்று பணம் இறங்கிவரவேண்டும். அது உங்கள் பக்கம் எட்டும்போது தென்மேல் மழை பிடித்துக்கொள்ளும். புதிதாக ஆள் எடுத்து வகுப்புத் தொடங்க யாருக்கும் துணிவு வராது. மெஷின் வாங்குவது சுலபம்: பில் இருக்கும், படம் எடுக்கலாம், டிசம்பருக்குள் கணக்கும் மூடலாம்.

உங்கள் மெஷின்கள் கிடையில் விழுந்ததற்கும் அதுவே காரணம். அரச கணக்கில் மெஷின், கட்டடம் எல்லாம் மூலதனச் செலவினம். டீச்சரின் சம்பளம், நூல், ஊசி, மின்கட்டணம் எல்லாம் மீண்டெழும் செலவினம். முதல் வகையைத் தர அரசியல்வாதிகளுக்கும் கொடையாளிகளுக்கும் விருப்பம் அதிகம். இரண்டாவது வகை வருடாவருடம் வரவேண்டிய பணம். ஒரு நிரந்தரப் பயிற்றுநர் பதவிக்கு முகாமைத்துவ சேவைகள் திணைக்களம் ஆளணி அங்கீகாரம் தரவேண்டும். 2022 நெருக்கடிக்குப் பிறகு அது லேசில் கிடைப்பதில்லை. 2024இன் 44ஆம் இலக்க அரச நிதி முகாமைத்துவச் சட்டம், வட்டி நீங்கலான அரச செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 13 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று வரம்பும் கட்டியிருக்கிறது. புதிய பதவி கேட்டு வரும் ஒவ்வொரு கோப்பும் இப்போது அந்தக் கூரையின் கீழ் முட்டிக்கொண்டு நிற்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. மலையகத்துக்கென ஒதுக்கும் அபிவிருத்திப் பணம் வழமையாகப் பெருந்தோட்ட விடயத்தைப் பார்க்கும் அமைச்சின் தலைப்பில் இருக்கும். பயிற்றுநர்களும் பாடநெறிகளும் சான்றிதழும் கல்வி, உயர்கல்வி மற்றும் தொழிற்கல்வி அமைச்சின் கீழ். ஒருவர் கையில் பணம், மற்றவர் கையில் ஆள். இரு தரப்பும் எழுத்தில் உடன்படாமல் தொடங்கும் வகுப்பு, திட்டப் பணம் தீர்ந்த அன்றே நின்றுவிடும்.

உங்கள் பிள்ளைகளின் சான்றிதழுக்கு வருகிறேன். 1990இன் 20ஆம் இலக்க மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்விச் சட்டப்படி, தொழிற்பயிற்சி நடத்தும் நிறுவனம் அதே பெயரிலுள்ள ஆணைக்குழுவில் பதியவேண்டும். பலர் பதிவோடு எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். நிறுவனத்தைப் பதிவது ஒரு படி, ஒவ்வொரு பாடநெறிக்கும் தரச்சான்று பெறுவது அடுத்த படி. அதற்குப் பயிற்றுநரின் தகைமை, உபகரணப் பட்டியல், இடவசதி எல்லாம் பார்ப்பார்கள். அப்படிச் சான்று பெற்ற நெறியில் படித்து, உரிமம் பெற்ற மதிப்பீட்டாளர் முன் தேறினால்தான் என்.வி.கியூ. மண்டபத்தில் விருந்தினர் கையால் கொடுக்கும் கடதாசி, எவ்வளவு தடிப்பான மட்டையில் அச்சடித்தாலும், அதற்கு ஈடாகாது. இனி எவராவது வகுப்பு நடத்த வந்தால் முதல் கேள்வி, “இந்த நெறியின் தரச்சான்று இலக்கம் என்ன?” என்பதாக இருக்கட்டும். பதில் வராவிட்டால், “ஆறு மாதம் கழித்து எங்கள் பிள்ளைகளை மதிப்பிடப்போவது யார்?” என்று கேளுங்கள்.

மகஜரில் புதிய கட்டடம் கேட்கவேண்டாம் என்பது என் கருத்து. தோட்டக் காணி அரசுக்குச் சொந்தம், ஆனால் 1992இல் இருந்து நீண்டகாலக் குத்தகையில் கம்பனிகள் கையில். காணியை விடுவித்து, நில அளவை செய்து, ஒப்படைப்புக் கடிதம் வராமல் எந்தத் திணைக்களமும் அத்திவாரத்துக்குப் பணம் விடாது. அதற்குள் இரண்டு நிதியாண்டு போய்விடும். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்பட்ட பிறகு, தோட்டத்துக்குள் செலவழிக்கப் பிரதேச சபைக்கு முன்பிருந்த தடை நீங்கிவிட்டது. இருக்கிற வாசிகசாலையின் கூரையையும் வயரிங்கையும் சபையிடம் கேளுங்கள். தொழிற்பயிற்சி அதிகாரசபையிடம் (1995இன் 12ஆம் இலக்கச் சட்டத்தில் உருவானது) ஆளைக் கேளுங்கள். இரவல் இடத்தில் நடக்கும் கிராமியப் பயிற்சி நிலையங்கள் உண்டு.

வயரிங் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. பழைய கிளட்ச் மோட்டார் பூட்டிய ஜூக்கி ஒன்று சுமார் 400 வாட் எடுக்கும். பன்னிரண்டுக்கும் 4,800 வாட். வாசிகசாலைக்கு 15 அம்பியர் இணைப்பு மட்டுமே இருந்தால் 230 வோல்ட்டில் அது தாங்குவது 3,450 வாட். எட்டு மெஷின் ஓடும்போது ஸ்திரிக்கைப் பெட்டியைச் சொருகினால் ட்ரிப் ஆகும். மீட்டர் பக்கத்தில் போய் என்ன இணைப்பு என்று பாருங்கள். 15 என்றால் 30 அம்பியருக்கு மாற்றும் செலவை மகஜரிலேயே தனி வரியாகக் காட்டுங்கள். சேர்வோ மோட்டாருக்கு மாற்றினால் மின்சாரம் வெகுவாகக் குறையும், ஆனால் அதுவும் மூலதனச் செலவு.

ஆளைக் கேட்கும்போது தமிழில் கற்பிக்கத் தெரிந்த ஆள் என்று தெளிவாக எழுதுங்கள். தேசிய மொழிகளில் ஏதாவது ஒன்றில் கல்வி பெறும் உரிமையை அரசியலமைப்பின் 21ஆம் உறுப்புரை தருகிறது. அதைக் குறிப்பிடலாம். சிங்களம் மட்டும் தெரிந்த டீச்சரிடமும் கையசைவைப் பார்த்துத் தையல் பிடித்துவிடுவார்கள். சிக்கல் மதிப்பீட்டன்று வரும். தையல் ஓரம் சுருங்கினால் பிள்ளை நூல் இறுக்கத்தின் திருகைத் தளர்த்திச் சரிசெய்துவிடும். “ஏன் சுருங்கியது?” என்ற வாய்மொழிக் கேள்விக்குச் சிங்களத்தில் பதில் வராது. வேலை தெரிந்த பிள்ளை, “இன்னும் தகுதி பெறவில்லை” என்ற பதிவோடு வீட்டுக்குப் போகும். ஆகவே தமிழ் தெரிந்த மதிப்பீட்டாளரையும் சேர்த்துக் கேளுங்கள்.

மகஜர் இரண்டு பக்கத்தைத் தாண்டவேண்டாம். பயிற்சிக்குத் தயாரானவர்களின் பெயர், அடையாள அட்டை இலக்கம், கடைசியாகப் படித்த தரம் மூன்றையும் இணைப்பாக வையுங்கள். “நூற்றுக்கணக்கான இளைஞர்கள் வேலையின்றி” என்று எழுதினால் கோப்பில் தூங்கும். இருபத்திரண்டு பெயர்ப் பட்டியலை ஓர் உத்தியோகத்தரால் வகுப்பாக மாற்றமுடியும். பெயர்களை இப்போதே சரிபார்த்துக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து, அடையாள அட்டையில் வேறு எழுத்து என்பது நம் பக்கத்துத் தீராத வியாதி. சான்றிதழ் அச்சாகும் கட்டத்தில் அது தெரியவந்தால் மாதக்கணக்கில் இழுபடும். தோட்ட முகவரி மட்டும் கொடுத்தால் நேர்முகக் கடிதம் ஒபிசில் தங்கி, திகதி போனபின் வரும். கைபேசி இலக்கத்தோடு டவுனில் தெரிந்த கடையொன்றின் முகவரியையும் கொடுங்கள்.

பிரதேச செயலாளருக்கு ஒரு பிரதி, தொழிற்பயிற்சி அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்துக்கு ஒரு பிரதி, பெருந்தோட்ட அமைச்சுக்கு ஒரு பிரதி. மூன்றிலும் மற்ற இருவருக்கும் அனுப்பியதைக் குறிப்பிடுங்கள். அடுத்த வருட மதிப்பீடு நடுவாண்டிலேயே தயாராகத் தொடங்கிவிடும். நவம்பரில் மந்திரியைப் பார்த்துக் கொடுக்கும் மகஜர் நடப்பு வருடத்துக்குப் பிந்தியது, அடுத்த வருடத்துக்கும் பிந்தியது.

2,450 மில்லியனில் உங்கள் பிரதேசத்தில் பயிற்சிக்கு எவ்வளவு போனது என்று அறிய 2016இன் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அமைச்சின் தகவல் உத்தியோகத்தருக்குத் தமிழிலேயே எழுதலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. “மலையகத்துக்கு என்ன செய்தீர்கள்?” என்று கேட்டால் நான்கு பக்க உரை வரும். “2025இல் இந்த ஒதுக்கீட்டின் செலவினக் குறியீடுகள் எவை, ஒவ்வொன்றிலும் டிசம்பர் 31 வரை செலவானது எவ்வளவு, அதில் தொழிற்பயிற்சிக்கு எவ்வளவு, எந்தப் பிரதேச செயலகப் பிரிவில்?” என்று கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானிக்கவேண்டும். மறுத்தாலோ பதிலே வராவிட்டாலோ 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதன்பின் தகவலறியும் உரிமை ஆணைக்குழு.

நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் லயங்களில் கொழும்புக்குப் போய்ப் பல வருடம் மேசன் வேலை, டைல் ஒட்டுதல், வயரிங் செய்தவர்கள் இல்லாமல் இருக்கமாட்டார்கள். கட்டுநாயக்காவில் கார்மன்டில் இருந்துவிட்டுத் திரும்பிய பெண்களும் இருப்பார்கள். இவர்களுக்கு வகுப்பே தேவையில்லை. முன் அனுபவத்தை அங்கீகரித்து என்.வி.கியூ தரும் வழி, ஆர்.பி.எல் என்பார்கள், நைட்டா என்று சொல்லும் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபையில் உண்டு. விண்ணப்பம், அனுபவச் சான்றுகளைப் பார்க்கும் நேர்முகம், பிறகு செய்முறைச் சோதனை. மேசன் என்றால் பாஸ் (வேலையைப் பொறுப்பெடுத்த தலைமை மேசன்) எழுதிக்கொடுத்த கடிதம், வேலைத்தளப் படங்கள், ஈ.பி.எப் பதிவு இருந்தால் அது. படத்தில் சுவர் மட்டும் இருந்தால் போதாது, வேலை செய்பவரின் முகமும் கையும் தெரியவேண்டும். சில அலகுகளில் மட்டும் தேறினால் அந்த அலகுகளுக்குப் பதிவு கிடைக்கும், மிச்சத்தைப் பிறகு முடிக்கலாம். இரண்டு நாள் பேர் (தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு விழும் கூலிப் பதிவு) போகும், ஆறு மாதப் பேர் போகாது. பயிற்சிக் காலத்துச் சிறு கொடுப்பனவை நம்பி நாட்கூலியை விட முடியாத குடும்பங்களுக்கு இதுதான் தோதான வழி. மகஜரில் இரண்டாவது பட்டியலாக இந்தப் பெயர்களையும் சேருங்கள். பத்துப் பதினைந்து பேர் ஒரே தொழிலில் இருந்தால் மதிப்பீட்டாளரை ஊருக்கே வரச்சொல்லிக் கேட்கலாம்.

மெஷின்களை விற்காதீர்கள். அரச பணத்தில் வந்திருந்தால் அவை ஏதோவொரு அலுவலகத்தின் பொருட்பதிவேட்டில் ஏறியிருக்கும், வருடாந்தக் கணக்கெடுப்பில் தேடுவார்கள். பக்கத்தில் ஒட்டிய இலக்கத்தைக் குறித்து, எந்த அலுவலகம் என்று கண்டுபிடித்து, தொழிற்பயிற்சி அதிகாரசபைக்கு மாற்றிக்கொடுக்கும்படி எழுதுங்கள். வேறு நிறுவனம் தந்ததென்றால் கையளிப்புக் கடிதத்தில் நிபந்தனை இருக்கும், அதைத் தேடியெடுங்கள். பன்னிரண்டு மெஷின் ஏற்கெனவே கைவசம் என்பது ஆள் கேட்கும் உங்கள் கோப்புக்குப் பலம்.

அதுவரை பொலித்தீனை எடுத்துவிடுங்கள். மஸ்கெலியா ஈரத்தில் உள்ளே வேர்த்து ஊசித்தட்டும் ஹூக்கும் துருப்பிடிக்கும். பருத்தித் துணியால் மூடி, ஊசியைக் கழற்றி, தைக்கும்போது சேர்ந்த பஞ்சைத் தூரிகையால் தட்டி, ஹூக்கில் இரண்டு சொட்டு மெஷின் எண்ணெய் விட்டு, வாரத்துக்கு ஒருதடவை கைச்சக்கரத்தைச் சுற்றிவிடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசினாகி இறுகிவிடும்.