கூடாரம், அட்டை, மானாப் புல்: கொழும்பாரின் மலைக் கேள்விகள்

பிறந்தது அட்டன் பக்கத்துத் தோட்டம், பிழைப்பு கொழும்பில். போயா (பௌர்ணமி) லீவு வந்தால் தோளில் பையோடு கோட்டை ரயில் நிலையத்தில் நிற்கிற ஆள் என்பதால் மலைக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல நண்பர்கள் என்னை மாட்டிவிட்டார்கள். கேட்டவர் இருக்கும் இடத்தை முன்னால் போட்டு, கேள்விகள் வந்த வரிசையிலேயே போகிறேன்.

வெள்ளவத்தை: நாங்கள் நான்கு பேர். முதல் தடவையாகக் கூடாரம் போட எங்கே போகலாம்?

எங்கே என்பதற்கு முன்னால் எப்போது என்று சொல்லுங்கள் தம்பி. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. அட்டன், மஸ்கெலியா, நோர்வூட் எல்லாம் நனைந்து கிடக்கும். அதே மாதங்களில் பதுளை இருக்கிற ஊவாப் பக்கம் காயும். டிசம்பர், ஜனவரியில் கதை தலைகீழ். வடகீழ் மழை நக்கிள்ஸ் மலைத்தொடரின் கிழக்குச் சரிவைப் பிடித்துக்கொள்ளும். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் எங்கே போனாலும் பிற்பகல் இடி மின்னல். மொட்டைப் பாறை உச்சியில் இருந்தால் மதியத்துக்கு முன்பே இறங்கிவிட வேண்டும்.

முதல் தடவை என்றால் பெலிஹுல்ஓயா. ஆற்றோரமாகக் காசு வாங்கிக்கொண்டு இடம் தருகிறார்கள், கழிவறை உண்டு, குளிரும் எலும்பைக் கடிக்காது. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: மணல் திட்டு அழகாக இருக்கிறது என்று ஆற்றுக்குள் கூடாரத்தை இறக்க வேண்டாம். உங்கள் தலைக்கு மேல் நட்சத்திரம் தெரியும்போதே மேலே ஹோட்டன் சமவெளியில் மழை கொட்டிக்கொண்டிருக்கலாம். தண்ணீர் சொல்லிக்கொண்டு வராது. இரண்டு முறை அங்கே தூங்கிப் பழகிய பிறகு மாத்தளை வழியாக ரிவஸ்டன் பக்கம் போங்கள். நக்கிள்ஸ் பாதுகாக்கப்பட்ட வனம். வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் டிக்கெட் வேண்டும். உள்ளே போகிற பாதைகளுக்கு ஊர் வழிகாட்டி ஒருவரைக் கூட்டிப் போங்கள். மூடுபனி இறங்கினால் முன்னால் போகிறவரின் சப்பாத்துக் கூடத் தெரியாது.

கொட்டாஞ்சேனை: அட்டைக்கு என்ன செய்வது?

சித்தாலேப தைலம், சவர்க்காரம், டெட்டோல் என்று ஆளுக்கொரு வைத்தியம். எல்லாம் தண்ணீரில் கால் வைக்கும் வரைதான். நீளமான அட்டைச் சொக்ஸ் போட்டு, காற்சட்டையை அதற்குள் செருகிவிடுங்கள். கடித்துவிட்டால் உப்புப் போடவோ நெருப்பு வைக்கவோ வேண்டாம். அது குடித்ததைக் காயத்துக்குள்ளேயே கக்கும். மெல்லிய முனைப் பக்கம்தான் வாய். அங்கே நகத்தைப் பக்கவாட்டில் செருகித் தள்ளினால் விட்டுவிடும். அதன் எச்சில் இரத்தத்தை உறைய விடாது. அதனால் நிறைய நேரம் கசியும். பயப்படாதீர்கள், சோப்புப் போட்டுக் கழுவி, துணியால் அழுத்திக் கட்டுங்கள்.

பம்பலப்பிட்டி: எல்ல ஊரில் ஏற எல்ல ரொக் மலை நல்லதா, சின்ன சிவனொளிபாதமா?

முழங்கால் நன்றாக இருந்தால் முதலாவது. இல்லாவிட்டால் இரண்டாவது, 1,141 மீற்றர்தான்.

தெமட்டகொட: பிதுருதலாகல உச்சியில் கூடாரம் போடலாமா?

2,524 மீற்றர், நாட்டின் உயர்ந்த மலை. உச்சியில் இராணுவம் இருக்கிறது. அவர்களோடு தூங்க ஆசை இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

கிருலப்பனை: ஓகஸ்டில் சிவனொளிபாதமலை ஏறலாமா? கூட்டம் இருக்காதே.

கூட்டம் மட்டுமா, ஒன்றும் இருக்காது. பருவகாலம் டிசம்பர் போயா முதல் வெசாக் போயா வரை. அதற்குப் பிறகு படிகளில் விளக்கு இல்லை, பிளேன்டீக் கடை இல்லை, காற்றும் மழையும் மட்டும்தான். நல்லதண்ணியிலிருந்து ஏறினால் ஐயாயிரத்துக்கு மேல் படி. ஏற வேண்டுமென்றால் ஆளுக்கொரு டோர்ச், ஒரு மாற்று பற்றரி, முழு மழைக்கோட்டு. குருவிட்ட எரத்ன பாதையை மழையில் நினைத்தும் பார்க்காதீர்கள். அட்டைக்கு, கொட்டாஞ்சேனைக்காரருக்குச் சொன்ன பதில்தான்.

மருதானை: பதுளைப் பக்கத்து நாரங்கலை மலையில் கேம்ப் ஃபயர் போட விடுவார்களா? நெருப்பு இல்லாமல் என்ன கேம்பிங்?

வேண்டாம். நாரங்கலை முழுக்க மானாப் புல். கசக்கி முகர்ந்தால் எலுமிச்சை வாசம் வருகிறதே, அது எண்ணெய். ஜூலை, ஓகஸ்டில் காற்று மேற்கே மழையைக் கொட்டிவிட்டு ஈரமில்லாமல் ஊவாவுக்குள் இறங்கும். அந்தக் காற்றில் ஒரு பொறி போதும்.

தெஹிவளை (சொந்த ஊர் பதுளை): அண்ணே, பழியைக் கொழும்பார் மேல் போடாதீர்கள். மாட்டுக்கு இளம்புல் முளைக்க எங்கள் ஊர்க்காரர்களே வருஷா வருஷம் வைக்கிற நெருப்புத்தானே?

நியாயம். ஊர்க்காரர்களும் வைக்கிறார்கள், வேட்டைக்காரர்களும் வைக்கிறார்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் தீ எங்கே நிற்கும் என்று ஊர்க்காரருக்குத் தெரியும். கல் எது, ஓடை எது, காற்று எத்தனை மணிக்குத் திரும்பும் என்று தெரியும். அவர்களுக்கே சில வருஷம் கைமீறிப் போகிறது. வெள்ளிக்கிழமை இரவு வந்து ஞாயிறு போகிற நமக்கு என்ன தெரியும்?

தெஹிவளை மறுபடியும்: அப்படியென்றால் எரிந்த மலை பிறகு பச்சையாகிவிடுகிறதே?

பச்சையாவது மானாதான். புல் திரும்பி வரும், ஓரத்துக் காடு திரும்பாது. ஒவ்வொரு தீக்கும் காட்டின் விளிம்பு பின்வாங்குகிறது, அடுத்த மழையில் வேரில்லாத மண் இறங்குகிறது. கீழே லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், இருக்கிறவர்கள் குடிக்கிற ஊற்று வற்றுகிறது. நான் அந்த மாதிரி லயத்தில் வளர்ந்தவன், பீலித் தண்ணீர் சாம்பல் நிறத்தில் வந்த நாள் ஞாபகம் இருக்கிறது.

நாரஹேன்பிட்ட: கேஸ் அடுப்புப் பரவாயில்லையா?

பரவாயில்லை, புத்தியோடு பாவித்தால். என் முட்டாள்தனத்தைச் சொல்கிறேன். ஒரு ஜூலை மாதம், காற்றுக்குப் பயந்து அடுப்பைக் கூடாரத்து வாசலுக்குள் இழுத்து வைத்து நூடில்ஸ் போட்டேன். ஒரே ஒரு வீச்சு. வாசல் துணி பறந்து சுடர்மேல் விழுந்தது. நைலோன் உருகிக்கொண்டே எரியும். சொட்டுச் சொட்டாக என் இடது மணிக்கட்டில் விழுந்த தழும்பு இன்னும் இருக்கிறது. நண்பன் நூடில்ஸ் சட்டியை அப்படியே தூக்கி ஊற்றியதால் மலை தப்பியது. அன்றிரவு மூன்று பேர் ஒரு மழைக்கோட்டுக்குக் கீழே உட்கார்ந்திருந்தோம். அடுப்பைப் பாறைமேல் வையுங்கள், கூடாரத்துக்கு வெளியே. பக்கத்தில் ஒரு போத்தல் தண்ணீர்.

மருதானை: சரி, குளிருக்கு?

உயரம் ஆயிரம் மீற்றர் கூடினால் ஆறு ஆறரைப் பாகை குறையும், அதைக் கணக்கில் எடுங்கள். பருத்தி டீசேட் வியர்வையில் நனைந்தால் காயாது. தூங்கப் போகும்போது காய்ந்த உடுப்பும் சொக்ஸும் மாற்றுங்கள். தரையில் தடித்த பாய் போடுங்கள். குளிர் பாதி கீழிருந்துதான் ஏறும்.

கொள்ளுப்பிட்டி: ஆறு வயது மகளோடு ஹோட்டன் சமவெளியின் உலகமுடிவு போகலாமா?

தாராளமாக. சுற்றுப் பாதை சுமார் 9 கிலோமீற்றர், மெதுவாக நடக்கும் பிள்ளைகளுக்கும் முடியும். முதல் நாள் நுவரெலியாவில் தங்கி விடிகாலை வாசலில் நில்லுங்கள். ஒன்பது பத்து மணிக்கு மேல் மூடுபனி ஏறினால் வெள்ளைச் சுவரைத்தான் பார்ப்பீர்கள். விளிம்பில் பிள்ளையின் கையை விடாதீர்கள், கீழே எண்ணூறு மீற்றருக்கு மேல். பொலித்தீன் உறைகளை வாசலிலேயே வாங்கிக்கொள்வார்கள், சாப்பாட்டை டப்பாவில் கட்டுங்கள். மரை மானுக்குப் பிஸ்கட் கொடுக்க வேண்டாம்.

வத்தளை: நக்கிள்ஸில் அட்டை கூடவா?

கூட. பதில் மேலே.

மோதரை: மூணாறு பற்றியும் சொல்லுங்களேன்.

அந்தப் பக்கம் போனவர்களைக் கேளுங்கள்.

வெள்ளவத்தை அக்கா ஒருவர்: ரயிலை நம்பி வரலாமா?

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையகப் பாதையைப் பல இடங்களில் பிய்த்துப் போட்டதை நினைவில் வையுங்கள் அக்கா. கிளம்பும் முன் கோட்டையில் கேட்டுவிடுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையையும் பாருங்கள். சிவப்பு என்று போட்டிருந்தால் வீட்டில் இருங்கள்.

மட்டக்குளி: அண்ணே, வான் வண்டியில் ஒரு மூட்டை கரி ஏற்றிவிட்டோம். நாரங்கலைக்குத்தான்.

இறக்குங்கள். கோழியை வீட்டிலேயே பொரித்து வாழையிலையில் கட்டிக்கொள்ளுங்கள். அடுத்த நாள் விடிய பாணோடும் மாசிச் சம்பலோடும் பிய்த்துத் தின்னும்போது என்னைத் திட்ட மாட்டீர்கள்.