எட்டு மாதத்தில் எஸ்ஏபி இசிசி-யிலிருந்து எஸ்/4 ஹானாவுக்கு மாற முடியுமா? திட்டத்தை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி இதுதான்: இசிசி 6.0 ஓடுகிறது, 2027-க்குள் எஸ்/4 ஹானாவுக்குப் போக வேண்டும், மேலிடம் எட்டு மாதம் தந்திருக்கிறது. (கணக்கு, கொள்முதல், விற்பனை, ஸ்டாக் எல்லாம் ஓடும் எஸ்ஏபி மென்பொருளின் பழைய தலைமுறை இசிசி, புதுத் தலைமுறை எஸ்/4 ஹானா. ஹானா என்பது அதன் டேட்டாபேஸ்.) மிச்சத்தை நானே ஊகித்துக்கொள்கிறேன். ஒரு தொழிற்சாலை, இரண்டு மூன்று டிப்போ, ஐடியில் நாலு பேர், பத்துப் பன்னிரண்டு வருடமாகக் கம்பெனிக்கென்றே எழுதிச் சேர்த்த இசட் புரோகிராம்கள், மேசையில் மாற்றித் தர முன்வந்த ஒரு பார்ட்னர் கம்பெனியின் கோட்டேஷன். ஊகம் தப்பென்றால் கீழே உள்ளதில் பாதி உங்களுக்குப் பொருந்தாது. அதற்காகச் சண்டைக்கு வராதீர்கள்.

எட்டு மாதம் போதும் என்று இன்றைக்கே ஒருவர் சொன்னால் அவர் விற்க வந்தவர். நாலு எண்ணிக்கை கையில் இருந்தால்தான் தேதி சொல்ல முடியும்: உண்மையில் ஓடும் இசட் புரோகிராம் எத்தனை, கஸ்டமர் வெண்டார் மாஸ்டரில் (பெயர், முகவரி போன்ற நிரந்தரப் பதிவுகளில்) பிழை எத்தனை, நிதிக் கணக்கில் ஒன்றோடொன்று இடிக்கிற பழைய ஆவணம் எத்தனை, வெளியே பேசும் இன்டர்ஃபேஸ் எத்தனை. இதை எண்ண ஆறு வாரம் ஆகும். புது லைசென்ஸ் எதுவும் வேண்டாம். கோட்டேஷனில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எண்ணுங்கள். பின்னால் எண்ணினால் ஒவ்வொரு எண்ணும் ஒரு சேஞ்ச் ரெக்வெஸ்டாக, அதாவது கூடுதல் பில்லாக, திரும்பி வரும்.

அதற்கும் முன்னால் ஒரு நிமிட வேலை. சிஸ்டம் மெனுவில் ஸ்டேட்டஸ் போய் எஸ்ஏபி_ஏபிபிஎல் என்ற பாகத்துக்கு எதிரே எந்த எண் என்று பாருங்கள். 606, 617, 618 என்றால் என்ஹான்ஸ்மென்ட் பேக்கேஜ் (இசிசி-யின் மேம்படுத்தல் தொகுப்பு) 6, 7, 8. இவற்றுக்கு வழக்கமான பராமரிப்பு 2027 கடைசிவரை, கூடுதல் கட்டணம் கட்டினால் 2030 கடைசிவரை. 605-உம் அதற்குக் கீழும் என்றால் வழக்கமான பராமரிப்பு 2025-ஓடு முடிந்துவிட்டது. நிர்வாகத்திடம் பேசும்போது இந்த வித்தியாசம் முக்கியம். "2027-க்குப் பிறகு சாஃப்ட்வேர் நின்றுவிடும்" என்று பயம் காட்டுகிறவர்கள் உண்டு. நிற்காது. பேட்ச் வராது, சட்ட மாற்றம் வராது. ஜிஎஸ்டி ஆறு மாதத்துக்கு ஒருமுறை உருமாறும் நாட்டில் அதுவே போதுமான பயம்.

இசட் கணக்கு

எஸ்சிமான் என்கிற கால் மானிட்டரை (அழைப்புகளைக் கண்காணிக்கும் கருவியை) இன்றைக்கே அன்றாட வேலை நடக்கும் அசல் சிஸ்டமான புரொடக்‌ஷனில் போடுங்கள். எந்தப் புரோகிராம் உண்மையில் அழைக்கப்படுகிறது என்று அது குறித்துக்கொள்ளும். ஒரு வருடத் தரவு இருந்தால் நல்லது, ஏனென்றால் மார்ச் முடிவில் மட்டும் ஓடும் ரிப்போர்ட் ஜூலையில் தலைகாட்டாது. ஒரு வருடம் காத்திருக்க முடியாது என்றால் ஆண்டு முடிவு வேலைகளின் பட்டியலை அக்கவுண்ட்ஸிடம் தனியாக வாங்கிச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓடாதவற்றை மாற்றத்தில் சேர்க்காமல் ஒதுக்குங்கள். மிச்சத்தைப் புரோகிராம் சோதனைக் கருவியான ஏடிசி-யில் எஸ்4ஹானா ரெடினெஸ் வேரியன்ட் என்ற சோதனைத் தொகுப்பை வைத்து ஓட்டினால் ஆயிரக்கணக்கில் எச்சரிக்கை கொட்டும். பயப்பட வேண்டாம், எல்லாம் ஒரே கனமில்லை.

கனமானது எது? ஒரு இசட் ரிப்போர்ட், கணக்கு ஆவண விவரங்கள் இருக்கும் பிசெக் டேபிளிலிருந்து வரிகளை எடுக்கிறது என்று வையுங்கள். வரிசைப்படுத்தச் சொல்லவில்லை. நாலு வரி தள்ளி ஒரு பைனரி சர்ச். பழைய சிஸ்டத்தில் பிசெக் ஒரு கிளஸ்டர் டேபிள் (பல வரிகளைக் கட்டாகச் சேர்த்து வைப்பது), வரிகள் பிரைமரி கீ வரிசையில் வந்து விழுந்தன, எழுதியவருக்கும் அது பழகிவிட்டது. ஹானாவில் அது சாதாரண டேபிள், எந்த வரிசையில் வரும் என்பதற்கு உத்தரவாதமில்லை. பைனரி சர்ச்சோ எல்லாம் வரிசையாக இருக்கிறது என்று நம்பி நடுவில் திறந்து தேடுகிற ஆள். கலைந்து கிடந்தால் இருக்கிற வரியையே இல்லை என்று சொல்லிவிடும். புரோகிராம் உடைந்து டம்ப் விழாது, சிவப்பு மெசேஜ் வராது. டிடிஎஸ் பட்டியலில் 412 வரி வரவேண்டிய இடத்தில் 397 வரும், அதையும் யாராவது கூட்டிப் பார்த்தால்தான் தெரியும். மருந்து, வரிசைப்படுத்தச் சொல்லும் ஒரே ஒரு சார்ட் வரி. ஆனால் எங்கே போடுவது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. அடுத்தடுத்து வரும் இரட்டை வரிகளை நீக்கும் டிலீட் அட்ஜசன்ட் டூப்ளிகேட்ஸ் இருக்கிற இடங்களுக்கும் இதே வைத்தியம்.

அடுத்தது மெட்டீரியல் நம்பர். 18 எழுத்தாக இருந்த ஃபீல்டு இப்போது 40. நீங்கள் 18-க்குமேல் பயன்படுத்தாவிட்டாலும் உள்ளே அகலம் 40 தான். லேபிள் பிரின்டருக்கோ எடைமேடைக்கோ நிலையான அகலத்தில் டெக்ஸ்ட் ஃபைல் அனுப்பும் புரோகிராம் இருந்தால், மெட்டீரியல் நம்பருக்குப் பின்னால் இருக்கும் எல்லாமே 22 இடம் தள்ளிப் போகும். அளவு இருக்க வேண்டிய கட்டத்தில் வெற்றிடம் அச்சாகும்.

சரக்கு நகர்வு ஆவணங்களின் எம்செக், எம்கேபிஎஃப் டேபிள்களைப் படிக்கலாம். இப்போதைய தரவு மேட்டாக் என்ற புது டேபிளில் இருந்தாலும் பழைய பெயரில் வியூ வழியாகக் கிடைக்கும். மார்ட் டேபிளின் ஸ்டாக் அளவுகள் அப்படியல்ல என்று நினைக்காதீர்கள். அவையும் கேட்கும்போதுதான் மேட்டாக்கிலிருந்து கூட்டித் தரப்படுகின்றன. லூப்புக்குள் ஒவ்வொரு மெட்டீரியலுக்கும் மார்டைப் படிக்கிற ரிப்போர்ட், "ஹானா வந்தால் எல்லாம் மின்னல் வேகம்" என்று பிரசன்டேஷனில் சொன்னவரை அழைத்து உட்கார வைத்துக் காட்ட வேண்டிய ரிப்போர்ட். விற்பனை ஆவணங்களின் விபியுகே, விபியுபி ஸ்டேட்டஸ் டேபிள்கள் ஒழிந்தன, ஸ்டேட்டஸ் ஃபீல்டுகள் ஆர்டர், டெலிவரி டேபிள்களான விபாக், விபாப், லிக்ப், லிப்ஸ் பக்கம் போய்விட்டன. விலைக்கான கான்வ் டேபிள் இப்போது பிஆர்சிடி எலிமென்ட்ஸ்.

கஸ்டமர், வெண்டார்

எட்டு மாதத்தைத் தின்பது இங்கேதான், ஆனால் கோட்டேஷனில் இது ஒற்றை வரி. எஸ்/4-இல் கஸ்டமர், வெண்டார் எல்லாம் பிசினஸ் பார்ட்னர் என்ற ஒரே வகைப் பதிவாக வேண்டும். கன்வர்ஷனுக்கு (பழைய சிஸ்டத்தையே எஸ்/4 ஆக மாற்றும் வேலைக்கு) முன்பே, இசிசி-யிலேயே சிவிஐ என்ற இந்த இணைப்பு வேலையை முடித்திருக்க வேண்டும். ஒரு ரெக்கார்டு பாக்கி இருந்தாலும் கன்வர்ஷன் கருவி உள்ளே விடாது.

பிழைகள் எல்லாம் அற்பமாகத்தான் இருக்கும். பின்கோடு ஐந்து இலக்கம். இமெயில் ஃபீல்டில் "நேரில் கேட்கவும்". ஊர்ப் பெயரை மாநிலக் கட்டத்தில் போட்டது. 2011-இல் ஒரு லோடு மட்டும் வாங்கிய கஸ்டமர். ஒவ்வொன்றையும் திருத்த இரண்டு நிமிடம் போதும், ஆனால் எது சரி என்று சொல்லக்கூடியவர் பர்ச்சேஸில் ஒருவர்தான், அவருக்கு வேறு வேலை இருக்கிறது. தேவையில்லாத பழைய பெயர்களை முடிந்தவரை ஆர்க்கைவ் செய்யுங்கள். டெலீஷன் ஃபிளாக் (நீக்கக் குறி) மட்டும் போட்டுவிட்டால் போதுமா என்பதைச் சோதனை ஓட்டத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், ஃபிளாக் போட்டதும் ரெக்கார்டு மாயமாகிவிடாது.

எண் இடிப்பு இன்னொரு தலைவலி. கஸ்டமர் எண் வரிசையும் 100000-இல் ஆரம்பிக்கும், வெண்டார் வரிசையும் 100000-இல் ஆரம்பிக்கும். பிசினஸ் பார்ட்னர் எண்ணும் பழைய எண்ணாகவே இருக்கட்டும் என்று எல்லாரும் ஆசைப்படுவார்கள். 100234 கஸ்டமர் ஒருவர், 100234 வெண்டார் வேறொருவர் என்றால் இரண்டு பேருக்கும் அந்த எண் கிடைக்காது. எண்ணிக்கை அதிகமுள்ள பக்கத்துக்குப் பழைய எண், மற்றதற்குப் புது வரிசை என்று முதல் வாரத்திலேயே முடிவெடுங்கள். ஜாப் ஒர்க் கொடுத்து வாங்கும் கம்பெனிகளில் ஒரே ஆள் இரண்டு பக்கமும் இருப்பார். அவரை ஒரே பார்ட்னராக இணைப்பதா என்பதை அக்கவுண்ட்ஸ் சொல்ல வேண்டும், ஐடி அல்ல.

நிதிக் கணக்கு

அசெட் அக்கவுண்டிங்கில் முந்தைய நிதியாண்டு மூடியிருக்க வேண்டும், நடப்பு ஆண்டு மட்டும் திறந்திருக்கலாம். ஏபிஎஸ்டி2 ஓட்டினால் அசெட்டும் ஜெனரல் லெட்ஜரும் ஒத்துப்போகிறதா என்று தெரியும். ஒத்துப்போகாத தொகை எட்டு வருடத்துக்கு முந்தையதாக இருக்கலாம், ஆடிட்டர் வரை போக வேண்டியிருக்கலாம். கிரெடிட் லிமிட் போடும் எஃப்டி32 போய்விடும், புது கிரெடிட் மேனேஜ்மென்ட்தான். சரக்கு மதிப்பைப் பதியும் மெட்டீரியல் லெட்ஜர் கட்டாயம். இவை இரண்டும் சிறு வேலை, ஆனால் சேல்ஸ் ஆட்களுக்கு முன்கூட்டியே சொல்லாவிட்டால் கோ-லைவ் (புது சிஸ்டம் திறக்கும் நாள்) அன்று ஆர்டர் எல்லாம் பிளாக்கில் நிற்கும்.

சர்வர் வாங்குவதில் ஒரே அறிவுரை: ஹானா சைசிங் ரிப்போர்ட்டை இசிசி-யில் ஓட்டாமல் யார் சொல்லும் மெமரி அளவையும் நம்பாதீர்கள். தரவுக்கு எவ்வளவோ, வேலை செய்யவும் ஏறக்குறைய அவ்வளவு இடம் வேண்டும் என்பது பொதுக் கணக்கு. பழைய ஐடாக் (சிஸ்டங்களுக்கிடையே போன தகவல்கள்), அப்ளிகேஷன் லாக், ஒர்க்ஃப்ளோ குப்பையை அள்ளிவிட்டு ஓட்டினால் எண் கணிசமாக இறங்கும். மெமரி பணம். மாற்றத்தின்போது சிஸ்டம் நிற்கும் நேரமான டவுன்டைமும் குறையும்.

ஒத்திகை

மூன்று மாக் கன்வர்ஷனுக்குக் குறைவான திட்டத்தை ஒப்புக்கொள்ளாதீர்கள். மூன்றும் புரொடக்‌ஷனின் புதிய காப்பியில். முதலாவது, சோதனைக்கென்றே வைத்த சாண்ட்பாக்ஸில், எங்கே உடைகிறது என்று பார்க்க. இரண்டாவது பயனர்கள் சோதிக்க. மூன்றாவது கடிகாரம் வைத்து, ராத்திரியிலேயே, அசல் ஆட்களோடு. ஒவ்வொரு மாக்கிற்கும் முன்னும் பின்னும் டிரையல் பேலன்ஸ், ஸ்டாக் மதிப்பு, ஜிஆர்ஐஆர் (சரக்கு வரவையும் பில்லையும் பொருத்தும் கணக்கு), கஸ்டமர் வெண்டார் நிலுவை, அசெட் மதிப்பு எடுத்துப் பைசா வரை ஒப்பிட வேண்டும். "ரவுண்டிங்தான்" என்று யாராவது சொன்னால் எந்த ஆவணத்தில் என்று கேளுங்கள்.

கிரீன்ஃபீல்டுதான் (முதலிலிருந்து புதிதாக நிறுவுவதுதான்) சரி, பழைய குப்பையை ஏன் சுமக்க வேண்டும் என்று இங்கே ஒருவர் வருவார். பல கம்பெனி கோடு, தாறுமாறான மாஸ்டர் என்றால் அவர் சொல்வது சரி. ஒரே தொழிற்சாலைக்கு அது வீட்டைச் சுத்தம் செய்யச் சொன்னால் வீட்டையே இடிப்பது. இது என் கருத்து, கல்வெட்டு அல்ல.

இன்னொன்று. கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனால் சொல்லாமல் போக மனமில்லை. கோட்டேஷன் பேச வரும் சீனியர் கன்சல்டன்ட் கையெழுத்துக்குப் பிறகு வேறு புராஜெக்ட்டில் இருப்பார். வருகிற பிள்ளைகள் பாவம், அவர்களுடைய பயோடேட்டாவில் இருக்கும் அனுபவம் அவர்களுக்கே தெரியாது. கோ-லைவ் கேக் வெட்டும் படத்தில் இவர்கள் எல்லாரும் இருப்பார்கள், மூன்று ராத்திரி தூங்காமல் ஸ்டாக் சரிபார்த்த ஸ்டோர்ஸ்காரர் இருக்க மாட்டார். ஒப்பந்தத்தில் ஆட்களின் பெயரைப் போடச் சொல்லுங்கள். ஸ்டோர்ஸ்காரருக்கு அந்த மாதம் வேறு ஆள் போடச் சொல்லுங்கள்.

கட்ஓவர்

பழையதை நிறுத்திப் புதியதைத் திறக்கும் தேதியை நாள்காட்டிதான் தீர்மானிக்கும். ஜிஎஸ்டி ரிட்டர்ன்களில் ஜிஎஸ்டிஆர்-1 மாதத்தின் 11-ஆம் தேதி, 3பி 20-ஆம் தேதி. தமிழ்நாட்டுத் தொழிற்சாலைக்குப் பொங்கல் விடுமுறை சரியாக இந்த இரண்டுக்கும் நடுவில் விழுகிறது. டிசம்பர் மாதக் கணக்கு மூடியிருக்கும், முந்தைய ஆண்டின் ஆடிட் முடிந்திருக்கும், இயந்திரங்களும் நிற்கும். 2027 கெடுவுக்கு முன்னால் கடைசிப் பொங்கல் 2027 ஜனவரி. அது தவறினால் ஆயுத பூஜை விடுமுறை, ஆனால் அது இன்னும் குறுகியது. உங்கள் எட்டு மாதம் மார்ச் கடைசியில் முடிகிறது என்றால் அந்தத் தேதியை இப்போதே மறுத்துவிடுங்கள்.

தொழிற்சாலை நின்றாலும் வடக்கே இருக்கும் டிப்போ நிற்காது, லாரி போக வேண்டும். டவுன்டைம் நேரத்து இன்வாய்ஸுக்குத் தனி வரிசை வையுங்கள். 16 எழுத்துக்குள், அந்த நிதியாண்டில் வேறெங்கும் வராத எண். விற்றுமுதல் 5 கோடிக்கு மேல் என்றால் ஐஆர்என் (இ-இன்வாய்ஸ் பதிவு எண்) கட்டாயம், அதைப் போர்ட்டலில் நேராக எடுக்கலாம், இ-வே பில்லும் அப்படியே. ஆபத்து அதற்குப் பிறகுதான். சிஸ்டம் திறந்ததும் இந்த இன்வாய்ஸ்களை உள்ளே ஏற்றுவார்கள், பில்லிங் ஆவணம் தன் வழக்கமான வரிசையில் வேறு எண்ணை எடுத்துக்கொள்ளும், இன்டர்ஃபேஸ் அதைப் புது இன்வாய்ஸ் என்று நினைத்து இன்னொரு ஐஆர்என் வாங்கிவிடும். ஒரே சரக்குக்கு இரண்டு முறை ஜிஎஸ்டி. ஆகவே இந்த வரிசைக்குத் தனி பில்லிங் வகை வையுங்கள், அதற்கு இ-இன்வாய்ஸ் இன்டர்ஃபேஸ் மூடியிருக்கட்டும், போர்ட்டலில் வாங்கிய எண்ணைக் கையால் பதியுங்கள்.

அந்த ராத்திரியில் டீபக்கரில் (புரோகிராமை நடுவில் நிறுத்திப் பார்க்கும் கருவியில்) மதிப்பை மாற்றி ஒரு ஆவணத்தைச் சரிசெய்ய ஒருவர் கண்டிப்பாக அனுமதி கேட்பார். கொடுக்காதீர்கள். 2023 ஏப்ரல் 1 முதல் கணக்கு மென்பொருளில் அணைக்க முடியாத எடிட் லாக் (மாற்றங்களின் பதிவு) கம்பெனிகளுக்குக் கட்டாயம். ஆடிட்டர் அதைப் பற்றித் தனியாக அறிக்கையில் எழுதுகிறார்.

திரும்பிப் போகும் கடைசி மணியையும் எழுதி வையுங்கள். பழைய டேட்டாபேஸை மீட்க மாக்கில் 9 மணி ஆனதென்றால், திங்கள் காலை 6-க்குத் திறக்க முடிவு ஞாயிறு இரவு 9-க்குள் எடுத்தாக வேண்டும். புது சிஸ்டத்தில் முதல் அசல் ஆவணம் விழுந்த பிறகு பின்வாங்கல் கிடையாது.

தொடங்கும் முன் பேக்கிரவுண்டு ஜாப்களை (தானாக ஓடும் வேலைகளை) பிடிசிடிஆர்என்எஸ்1 என்ற புரோகிராம் வைத்து நிறுத்தியிருப்பீர்கள். முடிந்ததும் பிடிசிடிஆர்என்எஸ்2 ஓட்டி எல்லாவற்றையும் ஒரே அடியாக அவிழ்த்துவிடாதீர்கள். நேரம் கடந்து நிற்கும் ஜாப் எல்லாம் அந்த நிமிடமே ஓடும். தேங்கி நின்ற நினைவூட்டல் மெயில் எல்லாம் கஸ்டமர்களுக்கு ஒரே நேரத்தில் போகும், பேமென்ட் ஜாப்பும் கூடவே கிளம்பும். ஜாப் பட்டியலை எக்ஸெலில் எடுத்து, எது முதலில், யார் பார்த்த பிறகு என்று எதிரே பெயர் எழுதி, ஒவ்வொன்றாக விடுங்கள். பேமென்ட் கடைசி.