தாத்தா பெட்டியில் கிடைத்த மடக்கு இரும்பு: என்ன கருவி?

மேலூரில் தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் கிடைத்தது, ஒரே பிடிக்குள் ஒரு பக்கம் ஊசி, மறுபக்கம் சிறு கத்தி மடங்குகிறது, சவரக்கத்தியா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இல்லை. அது மடக்கெழுத்தாணி, பனையோலையில் எழுதும் கருவி. கத்தி ஓலையை நறுக்கி ஓரம் சீவ. ஊசி எழுத. முனையை விரலால் மெல்லத் தடவிப் பாருங்கள், தையல் ஊசி அளவுக்குக் குத்தாது. குத்தினால் ஓலை கிழிந்துவிடும். அதனால்தான் ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமலே எழுதினார்கள்.

இடது கையில் ஓலையைப் பிடித்து, அந்தக் கட்டைவிரல் நகத்தில் வெட்டிய சிறு பள்ளத்தில் ஆணியைப் பதித்துக் கீறுவார்கள். கீறியதும் எழுத்து கண்ணுக்கு மங்கலாகத்தான் தெரியும். அப்புறம் கரியும் பச்சிலைச் சாறும் தடவித் துடைத்தால் கீறலில் மட்டும் கருப்பு நிற்கும். அருமையான வேலை அது!

உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், தயவுசெய்து. மெல்லிய துணியில் துளி எண்ணெய் போதும்.

பெட்டியில் துளையிட்ட ஓலைகள் இருக்கின்றனவா என்று உடனே பாருங்கள். 1901-இல் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் தொடங்கிய தமிழ்ச் சங்கம் இப்படி வீடுகளில் கிடந்த ஏடுகளைத்தான் தேடிச் சேர்த்தது.