லைன் எட்டாத மேய்ச்சல் நிலத்துக்கு மின்வேலி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மேய்ச்சல் நிலம் வீட்டிலிருந்து 1 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. கேபிள் இழுத்து அங்கே எனர்ஜைசர் (வேலிக்கு மின்துடிப்பு கொடுக்கும் மிஷின்) வைப்பதா, சோலார் போடுவதா?

நடுவில் இருப்பது உங்கள் நிலமாகவே இருந்தால் இரண்டுமே வேண்டாம். எனர்ஜைசர் வீட்டிலேயே இருக்கட்டும். அதிலிருந்து வேலிக் கம்பியையே நிலம் வரை கொண்டுபோங்கள். 2.5 மி.மீ. ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) கம்பியின் மின்தடை கிலோமீட்டருக்குச் சுமார் 35 ஓம்தான். வேலியில் ஓடுவது உயர் வோல்ட் துடிப்பு என்பதால் அந்தத் தூரத்தில் பெரிய இழப்பு இருக்காது. பேட்டரி, பேனல், திருட்டு பயம் எதுவும் இல்லை. மிஷினும் மழைபடாத இடத்தில் கண்ணெதிரே இருக்கும்.

கேட்டுக்கு அடியில் கம்பியைப் புதைக்கும்போது மட்டும் கவனம் தேவை. வீட்டு வயரிங் ஒயரின் உறை சில நூறு வோல்ட்டுக்கு, மிஞ்சினால் 1,100 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டது. வேலியில் ஓடுவதோ 8,000 வோல்ட். கொஞ்ச நாளில் உறை பொத்துக்கொண்டு மண்ணுக்குள்ளேயே கசியும், வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. மின்வேலிக்கென்றே வரும் இரட்டை உறை கேபிளைத்தான் புதைக்க வேண்டும்.

இடையில் பொதுச்சாலையோ அடுத்தவர் நிலமோ வந்தால் சோலார்தான்.

சோலார் என்றால் எத்தனை வாட் பேனல், எவ்வளவு பெரிய பேட்டரி?

முதலில் மிஷினின் தகட்டில் அது எத்தனை மில்லிஆம்பியர் எடுக்கும் என்று பாருங்கள். 12 வோல்ட்டில் 150 மில்லிஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். இரவு பகலாக ஓடினால் ஒரு நாளைக்கு 3.6 ஆம்பியர் ஹவர். ஐந்து நாள் மேக மூடாக்கைத் தாங்க 18 வேண்டும். லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்குமேல் காலி செய்யக்கூடாது என்பதால் அது 36 ஆகிறது. ஆக 40 ஆம்பியர் ஹவர் பேட்டரி.

பேனல் கணக்கில்தான் பலர் ஏமாறுகிறார்கள். தினச் செலவு 43 வாட் ஹவர். நல்ல வெயில் 4 மணி நேரம் கிடைத்து, சூடு, தூசி, சார்ஜிங் என்று 40 சதவீதம் வீணாகிறது என்று வைத்தால் 18 வாட் போதும் என்று வரும். உடனே 20 வாட் பேனல் வாங்கிவிடுவார்கள். அது நாளொன்றுக்கு 48 வாட் ஹவர் தரும். 43 செலவு போக மிச்சம் 5. ஐந்து நாள் மூடாக்கில் காலியான 216 வாட் ஹவரை அந்த மிச்சத்தை வைத்து ஈடுகட்ட நாற்பது நாளுக்கு மேல் ஆகும். அதற்குள் அடுத்த மூடாக்கு வந்துவிடும். 40 வாட் பேனல் என்றால் நாலைந்து நாளில் பேட்டரி நிரம்பிவிடும். பேட்டரியைப் பெரிதாக்குவதைவிடப் பேனலைப் பெரிதாக்குங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

பேட்டரி அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகாமல் காக்கும் சார்ஜ் கன்ட்ரோலர் கட்டாயம். பேனலின் சாய்வு உங்கள் ஊரின் அட்சரேகைக் கோணத்தை ஒட்டி இருக்கட்டும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருந்தாலும் 10 டிகிரிக்குக் குறைக்காதீர்கள்; குறைத்தால் மழைநீர் வழிந்தோடாமல் தேங்கி அழுக்கு படியும். ஒரு கிளையின் நிழல் ஓரத்தில் விழுந்தாலே உற்பத்தி படுத்துவிடும்.

பழைய கார் பேட்டரி சும்மா கிடக்கிறது. போடலாமா?

ஒரு மாதத்துக்குச் சமாளிக்கும், நம்பி இருக்க முடியாது. கார் பேட்டரி ஒரு நொடியில் நிறையக் கொடுத்துவிட்டு உடனே நிரம்புவதற்காகச் செய்தது. தட்டுகள் மெல்லியவை, மெதுவாகக் காலியாகிக் காலியாகி நிரம்பினால் கெட்டுவிடும். அப்படிக் காலியாகி நிரம்புவதைத் தாங்கும் டீப் சைக்கிள் பேட்டரி வாங்குங்கள். விடியற்காலையில் மிஷினை நிறுத்திச் சற்று நேரம் விட்டு அளந்து பாருங்கள்: 12.6 வோல்ட் என்றால் நிறைவு, 12.2 என்றால் கிட்டத்தட்டப் பாதி.

பேட்டரி 12.6 காட்டுகிறது, மிஷின் டிக் டிக் என்று அடிக்கிறது. ஆனாலும் ஆடுகள் தாண்டிப் போகின்றன. பெரிய மிஷின் வாங்க வேண்டுமா?

வாங்காதீர்கள், முதலில் எர்த்தைப் பாருங்கள். ஷாக் கம்பியிலிருந்து ஆட்டின் உடல் வழியாக மண்ணில் இறங்கி, மண்ணில் அடித்த எர்த் ராடு வழியாக மிஷினுக்குத் திரும்பினால்தான் சுற்று முடியும். மண் காய்ந்தால் பாதிச் சுற்று அறுந்த மாதிரி.

ஒரு வறண்ட பருவத்தில் நான் பார்த்துக்கொண்டிருந்த வேலியிலும் இப்படித்தான் ஆனது. பேட்டரி மாற்றினேன், பேனல் துடைத்தேன், ஒவ்வொரு இன்சுலேட்டராகத் தடவிப் பார்த்தேன். மூன்றாம் நாள்தான் எர்த் ராடு பக்கம் குனிந்து பார்த்தேன். மண் சுருங்கி, ராடைச் சுற்றி விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருந்தது. நாலு குடம் தண்ணீர் ஊற்றியதும் மீட்டரில் இரண்டு கிலோவோல்ட்டில் (2,000 வோல்ட்டில்) நின்ற எண் நாலைத் தாண்டியது. அன்றைக்கே இன்னும் இரண்டு ராடு இறக்கினேன்.

குறைந்தது மூன்று ஜிஐ ராடுகள், ஒவ்வொன்றும் 2 மீட்டர் ஆழம், ராடுக்கு ராடு 3 மீட்டர் இடைவெளி, வீட்டு எர்த்திலிருந்து 10 மீட்டராவது தள்ளி. ஜிஐ ராடில் செம்புக் கம்பியைக் கட்டினால் இணைப்பு அரித்துப்போகும். சோதிப்பதற்கு, மிஷினிலிருந்து 100 மீட்டர் தள்ளி இரும்புக் கடப்பாரைகளை வேலியில் சாய்த்து, வேலியின் வோல்ட்டை 2 கிலோவோல்ட்டுக்குக் கீழே இறக்குங்கள். சாய்க்கும்போது மிஷின் ஆஃபில் இருக்கட்டும். பிறகு கடைசி ராடுக்கும் ஒரு மீட்டர் தள்ளி மண்ணில் குத்திய கம்பிக்கும் இடையில் அளந்தால் 0.3 கிலோவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். கூடினால் எர்த் போதவில்லை. வேலிக்கான மீட்டரால் மட்டும் அளங்கள். சாதாரண மல்டிமீட்டர் வெந்துவிடும்.

மாட்டுக்கு 2 முதல் 3 கிலோவோல்ட் போதும். ஆட்டுக்கு, ரோமம் தடுப்பதால், 4 வேண்டும். மண் எப்போதுமே வறண்டது என்றால் ஒரு கம்பி ஷாக், அடுத்தது எர்த் என்று மாற்றி மாற்றிக் கட்டுங்கள். இரண்டையும் தொட்டாலே அடிக்கும், ஈரம் தேவையில்லை.

செடி கொடி கம்பியில் பட்டால் பேட்டரி சீக்கிரம் தீருமா?

பெரும்பாலான மிஷின்களில் பேட்டரிச் செலவு அவ்வளவாக மாறாது, வேலியின் வோல்ட்தான் விழும். கசிவு எங்கே என்று தெரியாவிட்டால் ஏஎம் ரேடியோவை எந்த நிலையமும் எடுக்காத அலைவரிசையில் வைத்துக்கொண்டு வேலியோரம் நடங்கள். டக் டக் சத்தம் எங்கே பலக்கிறதோ அங்கே இன்சுலேட்டர் விரிசலையோ கம்பியில் சாய்ந்த தழையையோ பார்க்கலாம்.

எனர்ஜைசர் இல்லாமல், நடுவில் ஒரு பல்பு போட்டு வீட்டுக் கரண்டையே கம்பியில் விடலாம் என்கிறார்களே?

கூடவே கூடாது. கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். எனர்ஜைசரின் துடிப்பு ஒரு நொடியில் மிகச் சிறிய பங்கு நேரமே இருக்கும். அடுத்தது வர ஒரு நொடி ஆகும். அந்த இடைவெளியில்தான் தொட்டவர் கையை எடுக்க முடிகிறது. சர்வதேசத் தரமான ஐஇசி 60335-2-76 துடிப்பின் ஆற்றலையும் 500 ஓம் சுமையில் 5 ஜூலுக்குள் கட்டுப்படுத்துகிறது. 230 வோல்ட் வீட்டுக் கரண்ட் விட்டுவிட்டு வராது. தசை இறுகி, பிடித்த கை கம்பியை விடாது. பல்பு அதைத் தடுக்காது: 100 வாட் பல்பு வழியாகவே 400 மில்லிஆம்பியருக்கு மேல் பாய முடியும், ஆளைக் கொல்ல அதில் ஒரு பங்கே போதும். யாராவது இப்படிப் போட்டிருப்பது தெரிந்தால் இன்றைக்கே போய்ச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே இருக்கும் முள்கம்பியில் மின்துடிப்பைக் கொடுக்கலாமா?

வேண்டாம். முள்ளில் மாட்டிக்கொண்ட கன்றால் விலக முடியாது, ஒவ்வொரு துடிப்பையும் அது வாங்கிக்கொண்டே இருக்கும். முள்கம்பி அப்படியே இருக்கட்டும். அதிலிருந்து நீட்டிய இன்சுலேட்டரில் வழவழப்பான கம்பி ஒன்றைத் தனியாக ஓட்டி, அதற்கு மட்டும் கொடுங்கள்.