ஐந்து பெட்டியும் ஒரு டம்ளரும்

அன்புள்ள சார்,

ரொம்ப நாள் ஆசைப்பட்டு போன தீபாவளிக்கு ஒரு 5.1 ஹோம் தியேட்டர் வாங்கினேன். ஓடிடியில் தமிழ்ப் படம் போட்டால் வசனம் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. சத்தத்தைக் கூட்டினால் அடுத்த நிமிடமே சண்டையோ பாட்டோ வந்து தொட்டிலில் தூங்கும் குழந்தை அலறி எழுகிறது. மனைவி ரிமோட்டைக் கீழே வைப்பதே இல்லை. மாமியார் பழைய டிவியே தேவலை என்கிறார். மிக்சிங் செய்கிறவர்களுக்குக் காது கேட்காதா? நான் அட்மாஸ் சவுண்ட்பாருக்கு மாறிவிடலாமா? கேபிளை மாற்றினால் சரியாகும் என்கிறார் கடைக்காரர். ஹாலைப் படமெடுத்து இணைத்திருக்கிறேன்.

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

கேபிளை மாற்ற வேண்டாம். சவுண்ட்பாரும் வேண்டாம். அந்தப் பணத்தில் குழந்தைக்கு ஏதாவது வாங்குங்கள்.

படத்தைப் பார்த்தேன். நீங்கள் உட்காரும் இடத்துக்கு இரு பக்கமும், கொஞ்சம் பின்தள்ளி, காதுக்குச் சற்று மேலே இருக்க வேண்டிய சரவுண்ட் பெட்டிகள் இரண்டும் டிவிக்கு மேலே லாஃப்டில் இருக்கின்றன. சென்டர் ஸ்பீக்கரை ஷோகேஸில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் கொலு பொம்மை மாதிரி அடைத்து வைத்திருக்கிறீர்கள். 5.1 மிக்சில் வசனம் முக்கால்வாசி அந்த ஒரு பெட்டியிலிருந்துதான் வரும். ஒருவன் வாயைப் பொத்திவிட்டு, அவன் பேசுவது புரியவில்லை என்று ஊருக்குக் கடிதம் எழுதுகிறீர்கள். முதலில் அதை வெளியே எடுத்து, அலமாரி விளிம்புவரை முன்னால் இழுத்து, முகம் உங்கள் காதைப் பார்க்கும்படி சாய்த்து வையுங்கள்.

வசனத்தையும் இசையையும் மற்ற சத்தங்களையும் அளவு பார்த்துக் கலப்பதுதான் மிக்சிங், என் தொழிலும் அதுதான். அதனால் காது கேட்காதா என்ற கேள்விக்குக் கோபம் வந்தது. பிறகு அடங்கிவிட்டது. பாதி உண்மை.

தியேட்டருக்கு மிக்ஸ் செய்யும் அறை பெரிது. திரைக்குப் பின்னாலிருக்கும் ஒவ்வொரு ஸ்பீக்கரையும் 85 டெசிபலுக்கு அளந்து வைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவோம். அந்தச் சத்தத்தில், அந்த அமைதியில், கிசுகிசுப்புகூடத் தெளிவாக விழும். தியேட்டர் புராசஸரில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர் 7-இல் இருந்தால் நாங்கள் கேட்ட அதே சத்தம். நம் ஊரில் யார் 7-இல் வைக்கிறார்கள்? சத்தம் தாங்கவில்லை என்று ஆட்கள் புகார் சொன்னதும் ஆபரேட்டர் 5-க்கு இறக்குவார். அது தெரிந்த இயக்குநர் அடுத்த படத்தில் ‘இன்னும் ஏத்துங்க’ என்பார். ஆபரேட்டர் இன்னும் இறக்குவார். இந்த இழுபறியில் நசுங்குவது வசனம்தான். அந்த மிக்ஸை அப்படியே உங்கள் ஹாலுக்கு அனுப்பினால், மேலே ஃபேன் ஓட, அடுக்களையில் குக்கர் விசிலடிக்க, என்ன கேட்கும்?

அதனால்தான் வீட்டுக்கென்று தனியாக ஒரு மிக்ஸ் வேண்டும். சின்ன அறை, கைக்கெட்டும் தூரத்தில் ஸ்பீக்கர், அளவும் 79 அல்லது 82 டெசிபல்தான். நெட்ஃபிளிக்ஸ் வசனத்தின் சராசரி மைனஸ் 27 எல்கேஎஃப்எஸ்-இல் (டிஜிட்டல் பதிவின் உச்சத்திலிருந்து கீழே எண்ணும் சத்த அளவு) நிற்க வேண்டும், 2 கூடலாம், 2 குறையலாம் என்று எண் போட்டே கேட்கிறது. நல்ல விதிதான். ஆனால் வசனம் அந்த எண்ணில் நின்றாலும் சண்டை அதற்கு எவ்வளவோ மேலே போகலாம். எண்ணைச் சரிசெய்துவிட்டுத் தூங்கப் போகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். நானும் போயிருக்கிறேன்.

உங்கள் கடிதத்தில் என்னைக் குத்தியது மாமியார் பற்றிய வரி. அதற்கு என் அம்மா கதையைச் சொல்ல வேண்டும்.

நான் உதவியாளனாக இருந்து அப்போதுதான் தனியாக மிக்ஸ் செய்ய ஆரம்பித்திருந்தேன். படத்தின் பெயர் வேண்டாம். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஒரு வீடு. நாயகன் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். ரயில் சத்தம் காதில் விழுவதற்கு முன்பே தரை அதிர்கிறது, அவன் சட்டென்று திரும்புகிறான். கதையே அந்தத் திரும்பலில்தான் இருக்கிறது. நான் அந்த அதிர்வை முழுக்க எல்எஃப்இ தடத்தில் மட்டும் வைத்தேன். அதுதான் 5.1-இல் அந்தப் புள்ளிக்குப் பின்னால் வரும் ஒன்று. ஏறக்குறைய 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அடிவயிற்றுச் சத்தங்கள் மட்டும் அதில் போகும். தியேட்டரில் நாற்காலி அதிர்ந்தது. பக்கத்து இருக்கைக்காரர் நாயகனுக்கு முன்னாலேயே திரும்பிவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு டிவியில் போட்டார்கள். அம்மா பூண்டு உரித்துக்கொண்டே பார்த்தாள். அந்த இடம் வந்ததும் நிமிர்ந்து, “ஏன்டா இவன் சும்மா இருக்கும்போதே திரும்பிப் பாக்கறான்? யாராச்சும் கூப்ட்டாங்களா?” என்றாள். அவள் காதைப் பரிசோதிக்க வேண்டும் என்று நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, அதை வாய்விட்டே சொல்லியும் தொலைத்தேன்.

காது அவளுக்குச் சரியாகத்தான் இருந்தது. இரண்டு ஸ்பீக்கர் உள்ள டிவிக்காக ஆறு தடங்களைச் சுருக்கும்போது வழக்கமாக சென்டரை 3 டெசிபல் குறைத்து இடம், வலம் இரண்டிலும், சரவுண்டை அதேபோல் குறைத்து அததன் பக்கத்திலும் கலப்பார்கள். எல்எஃப்இ-யை? பெரும்பாலும் தூக்கிப் போட்டுவிடுவார்கள். என் ரயில் அதோடு போய்விட்டது.

சப்வூஃபரும் எல்எஃப்இ-யும் ஒன்று என்று இன்றும் எத்தனையோ பேர் நினைக்கிறார்கள், எங்கள் தொழிலிலேயே. ஒன்றல்ல. சப்வூஃபர் அடிச்சத்தத்துக்கான பெட்டி, எல்எஃப்இ ஒரு தடம். உங்கள் சின்னப் பெட்டிகளால் முடியாத அடிச்சத்தத்தை, வழக்கமாக 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே, பெட்டிகளுக்குச் சத்தத்தைப் பங்கிடும் ரிசீவர் பிரித்து சப்வூஃபருக்கு அனுப்பும். மிருதங்கத்தின் தொப்பி, வில்லனின் கனத்த குரலின் அடிப்பாகம் எல்லாம் இப்படித்தான் அங்கே போய்ச் சேர்கின்றன. அவை இடது, வலது, சென்டர் தடங்களில் இருந்த சத்தங்கள். சுருக்கினாலும் தொலையாது. எல்எஃப்இ உபரித் தடம், பாயசத்தில் முந்திரி. முந்திரி இல்லாவிட்டாலும் பாயசம் பாயசமாக இருக்க வேண்டும். நானோ பாலையே முந்திரிக் கிண்ணத்தில் ஊற்றி வைத்திருந்தேன்.

அடுத்த படத்தில் இதே மாதிரி ஓர் இடம், ராத்திரியில் லாரி போகிறது. இந்த முறை அடிச்சத்தத்தை இடத்திலும் வலத்திலும் வைத்தேன். டிவியின் சின்ன ஸ்பீக்கரால் அது முடியாவிட்டாலும் அதிர்வு தெரிய வேண்டுமே என்று, அம்மாவின் அடுக்களை அலமாரியில் ஒரு எவர்சில்வர் டம்ளரை இன்னொன்றின் மேல் சாய்த்து வைத்து, பலகையை முஷ்டியால் மெல்லக் குத்திப் பதிவு செய்தேன். கிணிகிணி என்று ஒரு நடுக்கம், இரண்டு நொடிகூட இல்லை. ஒரு டம்ளரில் ஒடுக்கு விழுந்தது, அதற்குத் தனியாகத் திட்டு. டிவியில் அந்த இடம் வந்தபோது அம்மா எதுவும் கேட்கவில்லை. பாத்திரம் ஏதாவது விழப்போகிறதா என்று அடுக்களைப் பக்கம் பார்த்தாள், அவ்வளவுதான்.

சரி, உங்கள் விஷயம். ரிசீவரில் சென்டரின் அளவை 2 அல்லது 3 டெசிபல் ஏற்றுங்கள். ராத்திரியில் நைட் மோடு போடுங்கள், சத்தத்தின் மேடுபள்ளத்தை அது சமமாக்கும், குழந்தை தூங்கும். லாஃப்டிலிருந்து பெட்டிகளை இறக்க உங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். ஐந்து பெட்டியிலும் ஒரே சத்தத்தைக் கொட்டும் அந்த ‘ஆல் சேனல் ஸ்டீரியோ’ பொத்தானை மட்டும் தொடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

இன்னொன்று. படத்தின் இடது ஓரத்தில் ஒரு திவானும் மடித்து வைத்த போர்வையும் தெரிகின்றன. மாமியார் உட்காரும் இடம் அதுதான் என்று நினைக்கிறேன். அதன் தலைமாட்டுக்கு ஒன்றரை அடி தள்ளி, சுவர் மூலையில் சப்வூஃபரைச் சொருகியிருக்கிறீர்கள். மூலையில் வைத்தால் அதன் சத்தம் இன்னும் பெருகும். வசனம் ஷோகேஸுக்குள்ளே, சண்டை அவர் தலைமாட்டிலே. பழைய டிவியே தேவலை என்று அவர் சொன்னதில் என்ன தப்பு?