ஓடை எந்த இடத்தில் மெலிகிறது?

கேள்வி: மலையடிவாரத் தோட்டப் பட்டணம் ஒன்றில் வசிக்கிறோம். லயங்களுக்குப் பின்னால் ஓடும் மலையோடையின் மேற்பகுதியில் குடிநீருக்கான தடுப்பணையும் குழாயும், அதற்குக் கீழே கரையோரமாக ஒரு சுரங்கக் குழியும் உள்ளன. ஜூன், ஜூலை மாதங்களில் ஓடை மிகவும் மெலிந்துவிடுகிறது. நகராண்மைக் கழகம் நீரைத் திருப்பிக்கொண்டது என்கிறார் என் கணவர். சுரங்கம் குடித்துவிட்டது என்கிறார் மாமனார். எவர் சொல்வது சரி?
- வாசகி, பேராக்

பதில்: முதலில் ஒரு திருத்தம். நம் நாட்டில் குடிநீர் விநியோகம் நகராண்மைக் கழகத்தின் வேலையன்று. அது மாநில நீர் விநியோக அமைப்பின் பொறுப்பு. உங்கள் கணவரின் கோபம் நியாயமானதாகவே இருந்தாலும் அது போய்ச்சேரும் முகவரி தவறு. பேராக்கில் நடைமுறையிலுள்ள 1920ஆம் ஆண்டு நீர்ச் சட்டம், ஆறுகளை மாநில ஆட்சியாளரின் உடைமையாக்கி, உரிமமின்றி ஆற்று நீரைத் திருப்புவதைத் தடை செய்கிறது.

மழை நின்று பல நாள் கழித்தும் ஓடுகின்ற நீர், மலைச்சரிவின் மண்ணிலும் சிதைந்த கருங்கல்லிலும் முன்பே ஊறி, இப்போது மெல்லக் கசிந்து வருவதாகும். குழாயோ கோடையிலும் மழையிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான் எடுக்கும். ஓடையில் விநாடிக்கு 200 லிட்டர் வரும்போது 15 லிட்டர் போனால் எவர் கண்ணிலும் படாது. வரத்து 20 லிட்டராகக் குறைந்த நாளில் அதே 15 லிட்டர் போனால் உங்களுக்கு மிஞ்சுவது ஐந்து. சுரங்கத்துக்காக மலைநீரைத் திருப்புவதும் இங்கே பழைய கதைதான்: பகாங்கிலுள்ள ரவூப் தங்கச் சுரங்கத்துக்குச் செம்பாம் ஆற்று நீரைக்கொண்டு 1900ஆம் ஆண்டிலேயே மின்சாரம் எடுத்தார்கள். ஆனால் மின்சாரம் எடுக்கச் சுழலியைச் சுற்றிய நீர் ஆற்றுக்கே திரும்பிவிடும்; குடிநீர்க் குழாயில் போனது உங்கள் ஓடைக்குத் திரும்பாது.

சுரங்கத்தின் வேலை வேறு மாதிரியானது. குழியில் நீர் தேங்காதிருக்க இடைவிடாமல் இறைக்கும்போது சுற்றியுள்ள நிலத்தடி நீர்மட்டம் புனல் வடிவில் தாழ்கிறது. அது ஓடையின் அடிமட்டத்துக்கும் கீழே இறங்கிவிட்டால், இதுவரை நிலத்திலிருந்து நீர் பெற்ற ஓடை நிலத்துக்கு நீரை இழக்கத் தொடங்கும். இது மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் நடப்பதால், இறைப்பதை நிறுத்திய மறுநாளே ஓடை மீளாது. இறைத்த நீரைக் கீழே ஓடையிலேயே விடுவதும் உண்டு. அப்போது அவ்விடத்தில் ஓடை நிறைந்து தெரிவதைக் கொண்டு சுரங்கம் நிரபராதி என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

ஆகவே நீங்கள் கேட்கவேண்டியது ‘எவர்’ என்பதன்று, ‘எந்த இடத்தில்’ என்பது. ஐந்தாறு நாள் மழையில்லாத ஒரு காலையில், தடுப்பணைக்கு மேலே, அதற்குச் சற்றுக் கீழே, சுரங்கத்தைத் தாண்டி அதன் நீர் விழுமுன் என மூன்று இடங்களில் அளந்து பாருங்கள். நேரான 10 மீட்டர் தூரத்தில் ஓர் ஆரஞ்சுப் பழத்தை மிதக்கவிட்டு நேரம் குறியுங்கள். 40 விநாடி ஆனால் வேகம் விநாடிக்கு 0.25 மீட்டர், மேற்பரப்பு நீரே வேகமாக ஓடுவதால் அதை 0.85ஆல் பெருக்குங்கள். அகலம் ஒரு மீட்டர், சராசரி ஆழம் 0.2 மீட்டர் என்றால் விநாடிக்கு ஏறத்தாழ 42 லிட்டர் கிடைக்கும். மலைப்பக்கம் இருண்டிருந்தால் ஓடையில் இறங்கவே வேண்டாம். மேலே பெய்த மழை இங்கே வெயிலடிக்கும்போதே வெள்ளமாக வந்து சேரும்.

முதல் இரண்டு இடங்களுக்கிடையே நீர் குறைந்தால் உங்கள் கணவர் சொல்வது சரி. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே குறைந்தால் மாமனாரின் சந்தேகத்துக்கு வலுவுண்டு. ஆனால் கிந்தாப் பள்ளத்தாக்கின் அடியில் சுண்ணாம்புப் பாறை பரவியிருக்கிறது, கருங்கல் மலையிலிருந்து இறங்கும் ஓடை அதன் வெடிப்புகளுக்குள் தானாகவே மறைவதும் உண்டு. உங்கள் வீடு அப்பக்கம் இருந்தால், சுரங்கம் வருவதற்கு முன் அந்த இடத்தில் ஓடை எப்படி இருந்தது என்று மாமனாரிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சுரங்க நீர் கலந்தாலும் ஓடை தெளிவாகவே இருக்கிறது. காய்ச்சிக் குடிக்கலாமா?
- அதே வாசகி

பதில்: கூடாது. உலோகத் தாதுக்களோடு சேர்ந்து வரக்கூடிய ஆர்சனிக் நிறமோ சுவையோ காட்டாது. குடிநீரில் அதன் வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம்தான். காய்ச்சினால் கிருமி சாகும், ஆர்சனிக் அப்படியே இருக்கும். நீர் ஆவியாகும் அளவுக்கு அதன் செறிவு கூடவே செய்யும்.