ஹோல்ஸ்டைனின் அடிமைகள்

அன்புள்ள ஐயா,

தரங்கம்பாடிக் கோட்டையைப் பார்த்த பிறகு டேனிஷ் வரலாற்றைத் தேடி வாசித்தேன். வட ஜெர்மனியின் ஹோல்ஸ்டைனும் அதே மன்னர்களிடம் நானூறு ஆண்டுகள் அடிமைப்பட்டுக் கிடந்திருக்கிறது. 1864-இல் பிரஷ்யாவின் பிரதமர் பிஸ்மார்க் அதை விடுவித்தார் என்று சொல்லலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஐரோப்பியப் பண்ணையடிமை முறையைப் பற்றிச் சில காலமாக வாசித்துவரும் எனக்கு உங்கள் கடிதத்தை அப்படியே கடந்துபோக மனம் வரவில்லை.

ஹோல்ஸ்டைன் தரங்கம்பாடியைப் போன்ற குடியேற்றம் அல்ல. 1460-இல் ரீபெ நகரில் டேனிஷ் மன்னர் முதலாம் கிறிஸ்டியானைத் தங்கள் ஆட்சியாளராகத் தேர்ந்தெடுத்தவர்கள் அந்த மண்ணின் பிரபுக்களே. அங்கே அவருடைய வாரிசுகள் மன்னர்களாக அல்ல, டியூக் என்ற பிரபுப் பட்டத்தோடே ஆண்டார்கள். 1806 வரை அந்த நிலத்துக்காக, ஜெர்மானிய நிலங்களின் தலைவரான புனித ரோமப் பேரரசருக்குக் கட்டுப்பட்டிருந்தார்கள். ஒரு பகுதி 1773 வரை அதே அரச குடும்பத்தின் கோட்டார்ப் கிளையினரிடம் இருந்தது. நிர்வாகம் ஜெர்மனில் நடந்தது. இவற்றைப் பார்க்காமல் டேனியர் ஆண்டைகள், ஜெர்மானியர் அடிமைகள் என்று ஒரே வரியில் எழுதிவிடுவது சோம்பல்.

அடிமைகள் இருந்தார்கள். கிழக்கு ஹோல்ஸ்டைனின் பெரும்பண்ணைகளில், ஜெர்மன் பேசிய பிரபுக்களின் கீழ், அதே மொழி பேசிய உழவர்கள் பிறப்பாலேயே நிலத்தோடு கட்டப்பட்டிருந்தார்கள். பிரபுவின் அனுமதியில்லாமல் ஊரைவிட்டுப் போகவோ மணம் முடிக்கவோ முடியாது. தங்கள் துண்டு நிலம் காத்திருக்க, பண்ணை வயலில் கூலியின்றி உழைக்க வேண்டும். ஆஷ்பெர்க் பண்ணையின் ஹான்ஸ் ரான்ட்சாவ் போன்ற சிலர் 18-ஆம் நூற்றாண்டிலேயே தாமாகச் சீர்திருத்தத்தைத் தொடங்கியதை நான் மறைக்கமாட்டேன். ஆனால் 1805 ஜனவரி 1 முதல் ஹோல்ஸ்டைன், அதன் வடக்கே அடுத்திருந்த ஷ்லெஸ்விக் இரண்டிலும் அம்முறையை ஒழித்த சட்டம், நீங்கள் கொடுங்கோல் என்று கருதும் டேனிஷ் முடியின் பெயரால்தான் வந்தது. அப்போதும் பண்ணைநிலம் பிரபுக்களிடமே தங்கிவிட, விடுபட்ட உழவர்களில் பலர் குத்தகைக்காரர்களாகவும் கூலிகளாகவும் ஆனார்கள்.

மன்னர் எந்த நாட்டவர் என்று இவ்வளவு அக்கறையோடு விசாரித்த நீங்கள், இந்த உழவர்களைப் பற்றி ஒரு வரிகூடக் கேட்கவில்லை. கோட்டைச் சுவரைக் கண்டு கலங்குகிற மனம் உங்களுக்கு இருக்கிறது. அந்த மனத்தின் மீதுள்ள பிரியத்தால்தான் இவ்வளவு கடுமையாகச் சொல்கிறேன். அடுத்த முறை ஒரு நாட்டின் வரலாற்றை எடுக்கும்போது போர்களுக்கு முன்னால் நிலவரி, குத்தகை, கட்டாய உழைப்பு பற்றிய பக்கங்களை வாசியுங்கள்.

பிஸ்மார்க்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1864 போரில் டென்மார்க் இழந்த ஹோல்ஸ்டைன், 1865-இல் ஆஸ்திரியாவின் நிர்வாகத்துக்குப் போய், 1866 போருக்குப் பின் பிரஷ்யாவோடு இணைக்கப்பட்டது. எந்தக் கட்டத்திலும் ஹோல்ஸ்டைன் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தப்படவில்லை. 1920-இல் நடந்த வாக்கெடுப்பும் ஷ்லெஸ்விக்கின் பகுதிகளில் மட்டுமே நடந்தது.